தீர்த்தன் ஆற்றுக்கு ட்ரவுட் பிடிக்கப் போகிறேன், எங்கிருந்து தொடங்குவது?

நொய்யல்கரை (கோயம்புத்தூர்)

வணக்கம். சின்ன வயதிலிருந்து குளத்திலும் வாய்க்காலிலும் தூண்டில் போடுகிறவன் நான். ஜிலேபி, கெளுத்தி, கெண்டை, விரால், இவைதான் எனக்குப் பழக்கமான மீன்கள். மண்புழு, மாவு உருண்டை, விராலுக்குத் தவளை என்று வளர்ந்த கை. ஏப்ரல் முதல் வாரம் நண்பர்களோடு இமாச்சலப் பிரதேசத்தில் தீர்த்தன் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். குஷைனியில் ஐந்து நாள் தங்குகிறோம். அங்கே ஆற்றில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

ஃப்ளை ராடு (இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சியை எறியும் கம்பு) வாங்கியே ஆக வேண்டுமா, என்னிடம் இருக்கும் ஏழடி ஸ்பின்னிங் ராடு போதுமா? புழு போடலாமா? இன்னொன்று: ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் ட்ரவுட் உண்டு என்று எங்கள் தாத்தா சொல்வார். போவதற்கு முன்னால் அங்கே ஒரு நாள் பழகிப் பார்க்க முடியுமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

மடுக்காரன் (சண்டிகர்)

தம்பி, நல்ல நேரத்தில்தான் போகிறீர்கள். இமாச்சலத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி முடியும் வரை ட்ரவுட் பிடிக்கத் தடை. அது மீன் முட்டையிடும் காலம். மார்ச்சில் திறப்பார்கள். மே மாதத்துக்குப் பிறகு பனி உருகி ஆறு கலங்கும், ஜூலை, ஆகஸ்டில் மழைவெள்ளம். ஏப்ரல் தொடக்கத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மீன்வளத் துறையில் அன்றாட அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், எந்த அளவுக்குக் கீழே விட்டுவிட வேண்டும் என்ற அந்த ஆண்டு விதியையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஸ்பின்னிங் ராடு போதும். நாலு பவுண்டு, ஆறு பவுண்டு எடை தாங்கும் நரம்பு, சின்ன ஸ்பின்னர் (நீரில் சுழலும் தகடு வைத்த போலி இரை) நாலைந்து. புழு வேண்டாம். புழுவை மீன் விழுங்கிவிடும், முள் தொண்டைக்குள் போய் மாட்டும். அந்த மீனைத் திரும்ப விட்டாலும் பிழைக்காது. ஸ்பின்னர் பெரும்பாலும் உதட்டில்தான் மாட்டும். அதிலும் மூன்று முனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போடுங்கள். முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நிற்கும் குட்டி முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள்.

சாமான் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு விருப்பமில்லை. நான் தொடங்கியபோது ஒரு கடையில் சொன்னதையெல்லாம் நம்பி விலை உயர்ந்த ராடு வாங்கினேன். முதல் பயணத்திலேயே நுனி முறிந்தது, மாற்றித் தரவும் இல்லை. மிச்ச நாட்களைக் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தே கழித்தேன். இன்று வரை எனக்கு மீன் கிடைப்பது அந்த நாட்களில் பார்த்ததால்தான். அதைச் சொல்கிறேன்.

குளத்து மீன் தீனியைத் தேடி அலையும். ஆற்று ட்ரவுட் அலையாது. ஓரிடத்தில் நின்று, ஆறு கொண்டுவருவதைத் தின்னும். தலை எப்போதும் நீர் வரும் திசையைப் பார்த்திருக்கும். அதற்கு மூன்று வேண்டும்: தீனி வர வேண்டும், நீந்தி நீந்திக் களைக்கக் கூடாது, ஆபத்து வந்தால் ஒளிய இடம் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடும் இடம் எது என்று பாருங்கள். பெரிய பாறைக்குப் பின்னால் நீர் அமைதியாக இருக்கும், அதை எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் பாறைக்கு முன்னாலும் நீர் மோதித் திரும்பும் இடத்தில் மெத்தை மாதிரி ஒரு சின்ன அமைதி உண்டு. பெரிய மீன் பலமுறை அங்கேதான் நிற்கும். வேகமான நீரும் மெதுவான நீரும் உரசிக்கொண்டு ஓடும் கோடு இன்னொரு இடம். மீன் மெதுவான பக்கம் நின்றுகொண்டு வேகமான பக்கம் வருவதை எட்டிக் கவ்வும். எது தீனி வரும் வழி என்று குழப்பமாக இருந்தால் நுரையைப் பாருங்கள். நுரை போகும் வழியில்தான் பூச்சியும் போகும்.

கீழிருந்து மேலாக நடந்து போங்கள். மீனுக்குப் பின்பக்கம் குருடு, அதனால் வாலுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். நிழல் நீரில் விழக் கூடாது. பாறையில் தடதடவென்று குதிக்காதீர்கள், அந்த அதிர்வு நீருக்குள் கேட்கும். சிவப்புச் சட்டை வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் முதல் அரைமணி நேரம் தூண்டிலைத் தொடாதீர்கள். ஓரத்தில் தண்ணீருக்குள் கிடக்கும் ஒரு கல்லைத் திருப்பிப் பாருங்கள். தட்டையாக ஒட்டிக்கொண்டு ஓடும் மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்புழுக்கள் இருக்கும், மணலையும் துரும்பையும் ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் வாழும் காடிஸ் என்ற பூச்சியின் புழுக்கள் இருக்கும். அந்த ஆற்று மீனின் சாப்பாடு அதுதான். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே வையுங்கள்.

குந்தா மழை (எமரால்டு, நீலகிரி)

அவலாஞ்சி பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். தாத்தா சொன்னது உண்மை. ஆனால் இப்போது அங்கே போய்த் தூண்டில் போட முடியாது. பக்கத்து முக்கூர்த்தி மலைப்பகுதி 1990-இல் தேசியப் பூங்கா ஆனது, அதற்குள் மீன் பிடிக்க இடமில்லை. சுற்றியுள்ள அணைப்பகுதிகளும் வனத்துறை, மின்வாரியக் கட்டுப்பாட்டில் இருப்பவை. அனுமதியில்லாமல் ஓடைக்கரையில் ராடோடு நின்றால் வழக்கு வரும். யாராவது ‘நான் கூட்டிப் போகிறேன்’ என்று சொன்னால் போகாதீர்கள்.

கதை மட்டும் சொல்கிறேன். நம் மலையில் ட்ரவுட் இயற்கையாக இருந்ததில்லை. 1860-களில் சென்னை ராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்றார், உயிரோடு நிலைக்கவில்லை. அப்போது சூயஸ் கால்வாய்கூடத் திறக்கவில்லை. குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் ஒரு மீனை நம் சமவெளி வெயிலைத் தாண்டி மலைக்கு ஏற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் 1900-களின் முதல் பத்தாண்டில் சென்னை அரசு ஹென்றி சார்லஸ் வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணரை அமர்த்தியது. அவர் காலத்தில்தான் இலங்கையிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் முட்டை வந்து, ரெயின்போ என்ற வகை ட்ரவுட் பிழைத்தது. அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகமும் வந்தது. பிரவுன் என்ற இன்னொரு வகை ட்ரவுட் இங்கே சரியாக வரவில்லை. வேட்டைக்கும் மீனுக்கும் இங்கே 1879-லேயே தனிச் சட்டம் இருந்ததால் சீட்டு, பருவம், அளவு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் அந்தச் சீட்டு வாங்கியவர்கள் துரைமார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த ஓடையில் கூடை தூக்கும் வேலைதான் கிடைத்தது. இதையும் வரலாற்றில் எழுத வேண்டும்.

என் பெரியப்பா பொரிப்பகத்தில் வேலை பார்த்தவர். குளிர்காலத்தில் முட்டை எடுப்பதைப் பார்க்க எங்களைக் கூட்டிப் போவார். தாய் மீனை ஈரத் துணியில் பிடித்து வயிற்றை மேலிருந்து கீழாக மெல்ல வருடுவார்கள். பட்டாணி அளவில் ஆரஞ்சு முட்டை கிண்ணத்தில் கொட்டும். மேலே ஆண் மீனின் விந்தை விட்டு, கோழி இறகால் கலக்குவார்கள். கை படக்கூடாது, இறகுதான். முதலில் கிண்ணத்தில் தண்ணீர் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது, கலந்த பிறகுதான் தண்ணீர். அப்புறம் முட்டைகளைத் தட்டில் பரப்பி, ஓடும் நீரில் வைத்து, ஒவ்வொரு நாளும் வெள்ளையாகிப் போன முட்டையைப் பொறுக்கி எறிய வேண்டும். விட்டால் பூஞ்சை பிடித்து நல்ல முட்டையும் போய்விடும். பத்து டிகிரி நீரில் ஏறக்குறைய ஒரு மாதம் இப்படி. பெரியப்பாவின் விரல்கள் அந்தக் குளிர் நீரில் வெடித்துக் கிடக்கும். கண்ணுக்கு இரண்டு கறுப்புப் புள்ளி முட்டைக்குள் தெரியும் நாளில் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ‘கண் வந்திடுச்சு’ என்று சொல்வார். பிள்ளை பிறந்த செய்தி மாதிரி இருக்கும்.

தவளைச் சத்தம் (மைசூரு)

குந்தா மழை ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சோலையும் புல்வெளியும் சேர்ந்த அந்த உயர்ந்த ஓடைகளில் இப்படி வேட்டையாடும் மீன் இருந்ததே இல்லை. அங்கே உள்ள தலைப்பிரட்டைகளுக்கு ட்ரவுட்டிடமிருந்து தப்பிக்கும் பழக்கம் எங்கிருந்து வரும்? கலிபோர்னியாவின் சியாரா நெவாடா மலைகளில் மீனே இல்லாத ஏரிகளில் ட்ரவுட் விட்டார்கள். மஞ்சள் கால் தவளைகள் ஏரி ஏரியாக மறைந்தன. சில ஏரிகளில் மீனை முழுக்க எடுத்த பிறகு தவளைகள் திரும்பின. மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகளில் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. நீலகிரியில் தூண்டிலுக்குத் தடை வேண்டும் என்பதல்ல என் வாதம். அங்கே புதிதாக மீன் விடுவதை நிறுத்த வேண்டும், மேல் ஓடைகளில் இருப்பதை எடுக்கவும் வேண்டும்.

குந்தா மழை

நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன் அம்மா. பெரியப்பா இருந்தால் மனம் உடைந்திருப்பார், ஆனால் அவரும் கேட்டிருப்பார். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். குந்தா நீர்மின் திட்டத்தில் 1950, 60-களில் இந்த ஓடைகளையெல்லாம் அணையாக்கினார்கள். அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, போர்த்திமந்து, வரிசையாகச் சொல்லலாம். அதோடு புல்வெளி முழுக்க வாட்டில் மரமும் யூகலிப்டசும் நட்டார்கள். ஓடை வற்றினால் தவளையும் இல்லை, ட்ரவுட்டும் இல்லை. மீனை எடுக்கிற ஆட்கள் வாட்டிலையும் எடுத்தால் நானும் கடப்பாரையோடு வருகிறேன்.

தவளைச் சத்தம்

சம்மதம் ஐயா. வாட்டில்தான் முதல் வேலை.

லயத்துப் பொடியன் (நுவரெலியா)

இலங்கையிலிருந்து முட்டை போனது என்று வாசித்ததும் எழுத வேணும் போல இருந்தது. எங்கட மலைக்கு 1882-இல் முதலில் பிரவுன் ட்ரவுட் வந்தது. அது விட்ட இடங்களில் நின்றாலும் தானாகப் பெருகவில்லை. சில வருடம் கழித்து வந்த ரெயின்போ ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் தானே முட்டையிட்டுப் பெருகியது. இன்றும் இருக்கிறது. பாலத்தில் நின்று குனிந்து பார்த்தால் மணல் நிறத் தரைக்கு மேல் நிழல் மாதிரி அசையாமல் நிற்கும். 1988-இல் தேசியப் பூங்காவான இடம், பிடிக்க ஏலாது. எங்கட தாத்தா தோட்டத்தில் வேலை செய்தவர். துரை மீன் பிடிக்கப் போகும்போது சாமான் தூக்கிக்கொண்டு போவாராம். அவர் எங்களுக்குக் கற்றுத் தந்தது ஒன்றுதான்: ஓடைக்குப் பக்கத்தில் போகும்போது குனிந்து போ, கதைக்காதே. மீன் பிடிக்க இல்லை, பார்க்க. மடுக்காரன் அண்ணன் நிழல் விழக் கூடாது என்று எழுதியதை வாசித்தபோது தாத்தாவின் குரல் கேட்டது.

தவுப்போ தமிழன் (நியூசிலாந்து)

இங்கே வந்து பதினாறு வருடம். எங்கள் ஊர் ட்ரவுட்டும் வந்த மீன்தான். 1864-இல் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு பிரவுன் ட்ரவுட் முட்டைகளைப் பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்கு நடுவில் வைத்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். மூன்று மாதப் பயணம். அங்கே பொரித்த மீன்களிலிருந்து 1867-இல் நியூசிலாந்துக்கு வந்தது. ரெயின்போ 1883-இல் கலிபோர்னியாவிலிருந்து.

ஏரியில் பிடிப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் சொல்கிறேன். தவுப்போ ஏரியில் மீன் ஓரிடத்தில் நிற்காது. நீர் ஓடாததால் மீன்தான் சுற்றும். படகில் மெதுவாகப் போய்க்கொண்டே பின்னால் ஃப்ளையை இழுப்பது ஒரு முறை. எனக்குப் பிடித்தது வேறு. ஆறு ஏரியில் கலக்கும் வாயில் இரவில் இடுப்பளவு நீரில் நிற்போம். ஆற்றின் குளிர்ந்த நீர் ஏரிக்குள் ஒரு நாக்கு மாதிரி நீளும், அதன் ஓரத்தில் மீன் வரும். நிலா இல்லாத இரவுதான் நல்லது. கறுப்பு ஃப்ளை கட்டி எறிந்து, கையால் சாண் சாணாக இழுக்க வேண்டும். எதுவும் தெரியாது, விரலில் வரும் அந்த ஒரு தட்டு மட்டும்தான்.

குளிர்காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஏரி மீன்கள் முட்டையிட டோங்காரிரோ ஆற்றில் ஏறும். அந்த ஆற்றின் பெரும்பகுதியில் ஃப்ளை மட்டும்தான். இங்கே ட்ரவுட்டை விற்கவோ வாங்கவோ கூடாது, அது சட்டம். எந்தக் கடையிலும் கிடைக்காது. சாப்பிட வேண்டுமென்றால் நீங்களே பிடிக்க வேண்டும், அல்லது பிடித்தவர் கொடுக்க வேண்டும். மீன் தப்பிப் பிழைத்ததற்கு இந்த ஒரு சட்டம்தான் பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

தம்பிக்கு ஒரு வேண்டுகோள். இங்கே 2004-இல் டிடிமோ என்ற பாசி தென் தீவு ஆறுகளில் புகுந்தது. ஒருவர் செருப்பில் ஒட்டிய ஒரு துளி போதும், அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். நொய்யலில் போட்டிருந்த செருப்பையும் வலையையும் வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டுத் தீர்த்தனில் இறங்குங்கள்.

நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. அவலாஞ்சி எண்ணத்தை விட்டுவிட்டேன். ஸ்பின்னர் வாங்கிவிட்டேன். ஆனால் இவ்வளவும் படித்த பிறகு ஃப்ளை மேல் ஆசை வந்துவிட்டது. பத்து நாளில் கற்றுக்கொள்ள முடியுமா?

மடுக்காரன்

மேற்கத்திய முறையில் பத்து நாள் போதாது. நம் தூண்டிலில் ஈயக்குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளைக்கு எடையே இல்லை, இறகும் நூலும்தானே. அதனால் அங்கே கயிற்றுக்கே எடை வைத்திருக்கிறார்கள். கயிற்றைத்தான் எறிகிறோம், ஃப்ளை கூடப் போகிறது. பின்னால் வீசி, கயிறு முழுக்க விரியும் வரை பொறுத்து, அப்புறம் முன்னால் வீச வேண்டும். அந்தப் பொறுமை கைக்கு வர மாதங்கள் ஆகும்.

ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்த ஒரு வழி இருக்கிறது. ஜப்பானில் மலையோடைகளில் இவானா, யமாமே என்ற மீன்களைப் பிடித்துச் சத்திரங்களுக்கு விற்றுப் பிழைத்தவர்களின் முறை, பெயர் டென்காரா. ரீல் கிடையாது. நீளமான மூங்கில் கம்பு, நுனியில் கட்டிய கயிறு, ஒரே ஒரு ஃப்ளை. நாம் மூங்கில் கம்பில் நரம்பு கட்டி வாய்க்காலில் போட்டதுதானே இது! இப்போது பத்துப் பன்னிரண்டு அடிக்கு மடக்கு ராடாகவே வருகிறது. கயிற்றை நீரில் படுக்கவிடாமல் தூக்கிப் பிடித்து, ஃப்ளை மட்டும் நீரைத் தொடும்படி கொண்டுபோக வேண்டும். தீர்த்தன் மாதிரி பாறை நிறைந்த ஆற்றில் ஒவ்வொரு பாறைக்கும் தனித்தனி நீரோட்டம். நீளக் கயிறு போட்டால் நடுவில் ஓடும் வேகநீர் அதைப் பிடித்து இழுக்கும், ஃப்ளை ஆறு போகிற வேகத்தில் போகாது, மீன் நம்பாது. டென்காராவில் அந்தத் தொல்லை குறைவு.

ஃப்ளை எந்த வகை என்று அதிகம் மண்டையை உடைக்காதீர்கள். இங்கிலாந்தில் ஹால்ஃபோர்டு என்ற தூண்டில்காரரின் வழியில் போனவர்கள், மேலே மிதக்கும் ஃப்ளைதான் நியாயம் என்றார்கள். ஸ்கூஸ் என்ற வழக்கறிஞர், மீன் நீருக்கடியில் தின்றுகொண்டிருக்கும்போது நாமும் அங்கே போட்டால் என்ன தவறு என்று கேட்டார். 1938-இல் லண்டனில் ஒரு மன்றத்தில் இதை வைத்தே விவாதம் நடத்தினார்கள். என் கருத்து ஸ்கூஸ் பக்கம்தான். மீன் தின்பதில் பெரும்பகுதி நீருக்கடியில். கல்லுக்கடியில் நீங்கள் பார்த்த புழுவின் அளவிலும் நிறத்திலும் ஒன்றைக் கட்டுங்கள், போதும்.

மீன் வந்தால் கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். உலர்ந்த கை அதன் மேல் உள்ள வழுவழுப்பை உரித்துவிடும், அப்புறம் பூஞ்சை பிடிக்கும். நீருக்கு மேல் மூச்சடக்கும் நேரம்தான் வைத்திருக்கலாம். விடும்போது தலை நீர் வரும் பக்கம் இருக்கட்டும், அதுவாக உதறிப் போகும் வரை பிடித்திருங்கள்.

நொய்யல்கரை

போய் வந்துவிட்டேன். உங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

ஔட் சுரங்கப்பாதைக்கு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கி, பஞ்சார் வழியாகக் குஷைனி. ஆற்றைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. பச்சையும் நீலமும் கலந்த நீர், அடியில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் தெரிகிறது. இந்த ஆற்றில் நீர்மின் திட்டங்கள் வரவிருந்ததையும் தாங்கள் போராடித் தடுத்ததையும் தங்கிய வீட்டுக்காரர் முதல் நாள் இரவே சொன்னார். அதைச் சொல்லும்போது ஆற்றை ‘இவள்’ என்றே சொன்னார்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்பின்னர் இரண்டு பாறையில் மாட்டி அறுந்தது. மூன்றாம் நாள் காலை முழுக்கத் தூண்டிலை எடுக்கவில்லை. மடுக்காரன் அண்ணா சொன்னபடி கல்லைத் திருப்பினேன். மணல் கூட்டுக்குள் காடிஸ், ஒரே கல்லில் ஒன்பது எண்ணினேன். அப்புறம் ஒரு பாறை மேல் படுத்துக்கொண்டு மடுவைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக, கல் என்று நினைத்தது மெதுவாக இடப்பக்கம் நகர்ந்து, எதையோ கவ்விவிட்டு, பழைய இடத்துக்கே வந்து நின்றது. பாறைக்கு முன்பக்கம்தான், அந்த மெத்தை இருக்கும் இடத்தில். முக்கால் மணி நேரம் அதையே பார்த்தேன்.

சாயங்காலம் வெயில் மலைக்குப் பின்னால் போன பிறகு டென்காரா கம்போடு கீழிருந்து வந்து முட்டி போட்டு உட்கார்ந்தேன். ஆறாவதோ ஏழாவதோ வீச்சில் கயிறு நின்றது. கல்லில் மாட்டியது என்று நினைத்துத் தூக்கினேன், கல் அசைந்தது. பிரவுன் ட்ரவுட், ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். வெண்ணெய் நிற வயிறு, பக்கவாட்டில் கறுப்புப் புள்ளிகளுக்கு நடுவில் சிவப்புப் புள்ளி, ஒவ்வொரு சிவப்பையும் சுற்றி வெளிறிய வட்டம். கையை நனைத்தேனா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். விட்ட பிறகும் என் விரல்களுக்கு நடுவில் இரண்டு மூன்று நொடி நின்றது. நான் பார்த்த அந்தப் பெரிய மீன் இது இல்லை. அது கடைசி நாள் வரை அங்கேயே நின்றது, என் ஃப்ளை எதையும் தொடவில்லை.

நண்பன் ஸ்பின்னரில் ஒரு ரெயின்போ பிடித்தான். பண்ணையிலிருந்து தப்பியதாக இருக்கும் என்றார் வீட்டுக்காரர். அதை வைத்துக்கொண்டோம், கடுகெண்ணெயில் வறுத்துக் கொடுத்தார்.

ஒரு சந்தேகம். அந்த மடுவில் ஒரு பழுப்புப் பறவை, குட்டை வால், பாறையில் நின்று குனிந்து குனிந்து எழுந்துவிட்டு, அப்படியே தண்ணீருக்குள் இறங்கி நடந்தது. நீருக்கடியில் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். அது என்ன?

தவளைச் சத்தம்

பழுப்பு டிப்பர்! எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? அது நீருக்கடியில் கல்லைப் புரட்டிக் காடிஸ், மேஃப்ளை புழுக்களைத் தின்னும். அழுக்கான ஆற்றில் தங்காது.

மடுக்காரன்

அது வழக்கமாக நிற்கும் பாறைக்குக் கீழே போட்டீர்களா? பறவை புரட்டும்போது நழுவுகிற புழு நேராக அந்தப் பெரிய மீன் வாய்க்குத்தான் போகும். செப்டம்பர் கடைசியில் மழை நின்று தண்ணீர் தெளியும், நான் அங்கே போகிறேன். வருவதாக இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே சீட்டு எடுத்துவிடலாம்.